மூன்று தபால் ஓட்டுகள்

அலமாரியின் மேல்தட்டில் இரண்டு பழுப்புக் கவர்கள் இருந்தன. போன வாரம் அவை வந்து சேர்ந்த நாளிலிருந்து குழந்தைகள் காப்பகத்து டீச்சருக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை. ஒன்று அவளுடைய தபால் ஓட்டு, மற்றது அவள் கணவருடையது. தேர்தல் அன்று அவளுக்குப் பக்கத்து வார்டு வாக்குச்சாவடியில் வேலை. அவருக்கோ தண்ணீர்த் தொட்டியை விட்டு அசைய முடியாத வேலை.

வார்டில் ஆயிரத்து இருநூறு சொச்சம் ஓட்டு. அதில் தபால் ஓட்டு மூன்றே மூன்று. மூன்றாவது கவர் தபால்காரருக்கு வந்தது, அவருக்கும் அன்று தேர்தல் வேலையாம். தபால்காரருக்கே தபால் ஓட்டா என்று தெருவே சிரித்தது. டீச்சரும்தான் சிரித்தாள், விஷயம் புரிகிற வரைக்கும்.

விஷயம் இதுதான். கவுன்சிலரை எதிர்த்து நிற்பது வேறு யாரோ அல்ல, அவளுடைய நாத்தனார். கணவரின் ஒரே தங்கை. நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவள். பின்தெருவுக்கு வாரத்தில் இரண்டே நாள் தண்ணீர் என்பது கவுன்சிலரின் வாய்மொழி உத்தரவு. மற்ற நாட்களில் அங்கே ஓடிய தண்ணீர் லாரிகள் யாருடையவை என்று சின்னக் குழந்தையும் சொல்லும். ஜனங்கள் மனு எழுதிக்கொண்டு போய் நகல் எடுப்பார்கள். நாத்தனார் ஒவ்வொரு மனுவிலும் தனக்கென்று ஒரு நகல் கூடுதலாக எடுத்து வைத்தாள். கடையில் அந்தக் கட்டு இடுப்புயரம் வளர்ந்த பிறகும் ஒன்றுக்கும் பதில் வரவில்லை. ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டுப் போய் வேட்புமனு கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். சின்னம் சீப்பு. கவுன்சிலருக்குக் கட்டில்.

பின்தெரு வால்வை மூடுகிற கை யாருடையது? அதுதான் கொடுமை. அவள் சொந்த அண்ணனுடையது. தொட்டி ஆபரேட்டர் வேலை தற்காலிக வேலை, வருடா வருடம் கவுன்சிலர் சிபாரிசு செய்தால்தான் நீடிக்கும். வேலை போனால் போகட்டும் என்று சொல்லிவிடலாம். டீச்சருக்குப் பயம் வேலையைப் பற்றி இல்லை. இதற்கு முன்னால் இருந்த ஆபரேட்டர் ஒரு வாரம் உத்தரவை மீறிப் பின்தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிட்டார். மறு வாரம் தொட்டி ஏணியிலிருந்து விழுந்து செத்தார். கால் வழுக்கியது என்று எழுதி மூடிவிட்டார்கள்.

அந்த ஏணியில் இப்போது தினம் இரண்டு வேளை நீர்மட்டம் பார்க்க ஏறி இறங்குகிறவர் அவள் புருஷன்.

காலை எட்டரைக்குக் காப்பக வாசலில் பிள்ளைகளின் செருப்பை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தவள் மீது ஒரு நிழல் விழுந்தது. நிமிராமலே தெரிந்துவிட்டது. கவுன்சிலரின் வலது கை. குடைக்காரர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். மழையோ வெயிலோ, கையில் குடை இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. அது விரிந்து பார்த்தவர்களும் கிடையாது.

"என்ன தங்கச்சி, சாப்பிட்டாச்சா?"

"ஆச்சுண்ணே."

"கவர் போட்டாச்சா?"

"இன்னிக்குப் போட்டுடுவோம்ண்ணே. அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கே."

"போடுங்க, போடுங்க. யாருக்குப் போடணும்னு நான் சொல்லலாமா? தப்பு. அது உங்க உரிமை." குடை நுனியால் ஒரு குட்டிச் செருப்பை வரிசையில் தள்ளினார். "ஆனா பாருங்க, தபால் ஓட்டை முதல்லயே தனியா எண்ணுவாங்க. நம்ம வார்டுல மூணு. தபால்காரர் நம்ம ஆளு. மிச்சம் ரெண்டு. மூணும் கட்டில்ல விழுந்தா கவுன்சிலர் அண்ணன் சந்தோஷப்படுவார். ரெண்டு விழுந்தா யோசிப்பார். ஒண்ணுதான் விழுந்துச்சுன்னா..."

உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது. அவர் எட்டிப் பார்த்தார்.

"பாவம், பாப்பா ஏன் அழுவுது? போய்ப் பாருங்க." நாலடி போனவர் திரும்பினார். "வீட்டுக்காரர் சாயங்காலம் ஆறு மணிக்கு டேங்க்லதானே இருப்பார்? மேல நல்லா காத்து வருமாமே. ஒரு நாள் ஏறிப் பார்க்கணும்."

டீச்சர் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. அவள்தான் அந்தக் குடை தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மத்தியானம் பிள்ளைகள் தூங்கியதும் சமையல்கார அம்மாவை உட்கார வைத்துவிட்டு நேரே ஜெராக்ஸ் கடைக்கு நடந்தாள். வேட்புமனு கொடுத்த நாளிலிருந்து அந்தப் பக்கம் போகவில்லை. ஒன்றரை மாதம். சண்டை எதுவும் கிடையாது. போனால் யாராவது பார்ப்பார்கள் என்கிற பயம்தான், வேறென்ன.

கடையின் முன்கண்ணாடி ஒரு பக்கம் உடைந்து, அங்கே அட்டை ஒட்டியிருந்தது. போன வாரம் யாரோ கல் எறிந்திருந்தார்கள். நாத்தனார் மெஷினைத் திறந்து வைத்து, சிக்கிய தாளை ஊசியால் எடுத்துக்கொண்டிருந்தாள். மூக்கு நுனியில் கறுப்பு மை.

"வாங்க அண்ணி. வழி தெரிஞ்சுதா?"

அந்தக் குத்தலை டீச்சர் வாங்கிக்கொண்டாள். உட்காரவில்லை. காலையில் நடந்ததை மூச்சு விடாமல் சொன்னாள். கேட்கக் கேட்க நாத்தனாரின் கை நின்றது.

"அவங்களுக்குப் போட்டா எண்ணுற இடத்துல நீ பார்ப்பே," என்றாள் டீச்சர். "தபால்ல உனக்கு ஒண்ணுமே இல்லன்னு நிக்கும். கூடப் பிறந்த அண்ணனே போடலன்னு ஊரே பேசும். உனக்குப் போட்டா அவங்க பார்ப்பாங்க. போடாமலே விட்டாலும் கணக்குல மூணுக்கு ஒண்ணுதான் வரும். நான் எங்கதான் போய் முட்டிக்கிறது சொல்லு."

நாத்தனார் ஊசியை மேஜையில் வைத்தாள். அட்டை ஒட்டிய கண்ணாடியைப் பார்த்தாள்.

"அண்ணி, எனக்குப் போடாதீங்க."

"என்னடி சொல்றே?"

"ரெண்டு பேரும் கட்டிலுக்கே போட்டுடுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். பின்தெருவுல முந்நூறு ஓட்டு இருக்கு, அங்க கேட்டுக்கிறேன். அண்ணன் ஏணி ஏறுற மனுஷன் அண்ணி. எனக்கு அவன் ஓட்டு வேணாம். அவன் வேணும்."

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. டீச்சர் கிட்டே போனாள். முந்தானையை நீட்டி நாத்தனாரின் மூக்கிலிருந்த மையைத் துடைத்தாள். துடைத்ததில் மை கன்னம் வரைக்கும் பரவியதுதான் மிச்சம்.

திரும்பி நடந்தபோது நெஞ்சிலிருந்த கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அவளே சொல்லிவிட்டாள், இனி யாருக்கும் துரோகம் இல்லை. இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்றுகூட நினைத்தாள். சுலபமாக முடிகிற எதையும் நம்பக் கூடாது என்று அவளுக்கு இந்த வயதிலாவது தெரிந்திருக்கலாம்.

மூன்றரைக்குக் கணவர் வீட்டுக்கு வந்தார். வாசலில் கிடந்த விளம்பரத் தாளை எடுத்து, மூலையில் 3.32 என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு மேஜையில் வைத்தார்.

இந்தப் பழக்கத்தால்தான் தெருவில் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். பம்ப் அறையில் உதவியாளாகச் சேர்ந்த காலத்திலிருந்து இப்படித்தான். வால்வு திறந்த நேரம், மூடிய நேரம், சுருக்கொப்பம். கையில் எந்தத் தாள் அகப்பட்டாலும் விடமாட்டார். மகளின் மதிப்பெண் அட்டையில் நேரம் போட்டு அனுப்பியதால் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். கல்யாணப் பதிவேட்டிலேயே கையெழுத்துக்குப் பக்கத்தில் 10.25 என்று போட்டவர். கடைசி நிமிஷத்தில் ஓடிப்போகாமல் இருந்ததற்கு அத்தாட்சி என்று டீச்சரின் அண்ணன்மார் இன்றைக்கும் கேலி செய்வார்கள்.

பழைய ஆபரேட்டர் விழுந்த பிறகு அந்தப் பழக்கம் முற்றிப்போனது. அன்றைய பதிவேட்டில் ஏறிய நேரம் இருந்தது, இறங்கிய நேரம் இல்லை. கேட்பதற்கு ஆளும் இல்லை.

மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு டீச்சர் கதவைச் சாத்தினாள். கவர்களை மேஜையில் வைத்து, நாத்தனார் சொன்னதைச் சொன்னாள்.

"அவளே சொன்னாளா?" என்றார் கணவர்.

"அவளேதான். அழுதுட்டே சொன்னா. நீங்க மனசைப் போட்டு குழப்பிக்காதீங்க. கட்டில்ல ஒரு டிக் போட்டு ஒட்டிடுங்க, முடிஞ்சுது." தேர்தல் பயிற்சி வகுப்பில் படித்தவள் அல்லவா, விரலால் தொட்டுக் காட்டினாள். "கையெழுத்து இந்த உறுதிமொழித் தாள்ல மட்டும். சீட்டுல டிக் தவிர வேற எதுவும் கூடாது."

"தெரியும், தெரியும்."

ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். பத்து வருஷம் ஒரே சோப்பைத் தேய்த்துக் குளித்தவர்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகளைப் போலக் கையால் மறைத்துக்கொண்டார்கள். டீச்சர் சீட்டைப் பார்த்தாள். நாலு பெயர். மூன்றாவது வரியில் சீப்பு. அதைப் பார்க்காத மாதிரி தாண்டிப் போய் முதல் வரியில், கட்டிலுக்கு எதிரே, டிக் போட்டாள். போட்ட கை கூசியது. பின்பக்கம் அவர் பேனா ஒரு தரம் கீறியது. நின்றது. மறுபடி கீறியது. பாவம், தயங்கித் தயங்கிப் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

நாலே முக்காலுக்கு வார்டு அலுவலகப் பெட்டியில் இரண்டு கவர்களும் விழுந்தன. வெளியே வந்ததும் கணவர் சட்டைப் பையிலிருந்து குறிப்புநோட்டை எடுத்தார். 4.46, கவர் போட்டது என்று எழுதி, பக்கத்தில் அந்தச் சுருக்கொப்பம்.

டீச்சர் நடந்துகொண்டே அதைப் பார்த்தாள். தெருமுனை வரைக்கும் ஒன்றும் தோன்றவில்லை. தெருமுனையில் அந்தப் பேனாச் சத்தம் காதில் திரும்பக் கேட்டது. ஒரு கீறல். நின்று, மறுபடி ஒரு கீறல்.

"ஏங்க."

"ம்?"

"சீட்டுல டிக் மட்டும்தானே போட்டீங்க?"

"ஆமா..." என்றவர் நின்றார். வலது கை காற்றில் மெல்ல எழுதிப் பார்த்தது. டிக். பிறகு அதுவாகவே கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்து, நாலு எழுத்து எழுதி, ஒரு சுழி சுழித்தது.

"போட்டுட்டேன்," என்றார். முகத்தில் ரத்தமே இல்லை. "நேரமும் போட்டுட்டேன். கையெழுத்தும் போட்டுட்டேன்."

"ஐயோ! போனாப் போகுதுங்க, செல்லாத ஓட்டுதானே? கட்டிலுக்குத்தானே போட்டீங்க, பார்த்தா அவங்களுக்கே தெரிஞ்சிடுமே..."

அவர் சட்டைப் பையிலிருந்த நோட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏங்க, கட்டிலுக்குத்தானே?"

"சீப்புக்கு."

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. அது தாண்டியதும் டீச்சர் அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"அவளே வேணாம்னு சொன்னாளே! நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேனே!"

"அவ கேட்டிருந்தா போட்டிருக்க மாட்டேன்," என்றார் அவர். "பயந்துட்டு கட்டிலுக்குத்தான் போட்டிருப்பேன். உனக்கு ஏன் போடலைன்னு அவகிட்ட நாலு சால்ஜாப்பு சொல்லியிருப்பேன். வேணாம்னு சொல்லிட்டா பாரு, அதுக்கப்புறம் கை அந்தப் பக்கம் போகல. தினம் வால்வை மூடுற கை. ஒரு தடவையாவது..." முடிக்காமல் அவளைப் பார்த்தார். "நீ யாருக்குப் போட்டே?"

டீச்சர் வாயைத் திறந்தாள். "பாப்பாவைப் பக்கத்து வீட்டிலேர்ந்து கூட்டிட்டு வரணும்," என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி கேட்கவில்லை.

அவள் கணக்குப் போட்டாள். செல்லாத ஓட்டைத் தனியாக எடுத்து எல்லா வேட்பாளருக்கும் காட்டுவார்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மேஜைக்கு ஒரு பக்கம் கவுன்சிலர், மறுபக்கம் நாத்தனார். நடுவில் கடிகாரத்தின் நேரமும் கையெழுத்தும் போட்ட சீப்பு. கட்டிலில் இரண்டு டிக். ஒன்று தபால்காரருடையது என்றால் மற்றது யாருடையது என்று நாத்தனாருக்குத் தெரியாதா? அவமானம் ஒரு பக்கம் கிடக்கட்டும். எண்ணிக்கை முடிந்த மறுநாளும் இவர் ஏணி ஏற வேண்டுமே.

"நில்லுங்க, வர்றேன்," என்று திரும்பி ஓடினாள்.

ஐந்து அடித்து இரண்டு நிமிஷம். கிளார்க் பெட்டிக்குத் துணி சுற்றி அரக்கு வைத்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு கவர்ல சின்னத் தப்பு..."

"யாரோட கவர்? என்ன தப்பு?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இதற்குப் பதில் சொன்னால் எண்ணும் நாள் வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம். கிளார்க்குக்குப் பின்னாலிருந்த நாற்காலியின் முதுகில் ஒரு குடை தொங்கியது. உள் அறையிலிருந்து குடைக்காரர் டீத் தம்ளரோடு வந்தார்.

"என்ன தங்கச்சி, தப்பா?"

"ஒண்ணுமில்லண்ணே. உறுதிமொழித் தாள்ல அவர் தேதி போட்டாரான்னு ஒரு சந்தேகம்."

"கடிகாரமா? அவர் நேரத்தையே மறக்க மாட்டார். தேதியையா மறப்பார்?"

சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. அரக்கு வைத்த பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தம்ளரைக் கீழே வைத்தார்.

"சரி, போங்க. நான் அவர்கிட்டயே கேட்டுக்கிறேன்."

வீடு வந்து சேர்ந்ததும் டீச்சர் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு லீவு சொல்லிடுங்க."

"பின்தெருவுக்கு இன்னிக்குத்தான் முறை. ஆறேகாலுக்குத் திறக்கலைன்னா மூணு நாள் அந்த ஜனங்களுக்குத் தண்ணி இல்ல."

"அப்போ யார் கேட்டாலும் கட்டில்னு சொல்லுங்க. என் மேல சத்தியமா சொல்லணும்."

"சொல்றேன்," என்றார். அவர் பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை. சின்னப் பொய்க்கே காது சிவந்துபோகிற ஆள். இந்த ஒன்றையாவது சரியாகச் சொல்ல வேண்டுமே என்று உள்ளுக்குள் அழுதாள்.

அவர் போய்ப் பத்து நிமிஷம் கழித்து மேஜையைப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குறிப்புநோட்டு அங்கேயே கிடந்தது. சட்டையை மறந்தாலும் அதை மறக்காதவர். எடுத்துப் பிரித்தாள். கடைசி வரியில், இன்னும் வராத நேரத்துக்கு இடம் விட்டு, "ஏறியது" என்று எழுதியிருந்தார். அதன் கீழே "இறங்கியது" என்று எழுதி அதற்கும் இடம் விட்டிருந்தார். நேரத்தைப் போடுவதை அவளிடம் விட்டுப் போயிருக்கிறார்.

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள்.

தொட்டி மைதானத்தில் வெளிச்சம் இன்னும் இருந்தது. நாற்பத்திரண்டு படி ஏணி. முப்பதாவது படியில் அவர் போய்க்கொண்டிருந்தார். ஏணியின் கீழ்க் கம்பியில் குடை மாட்டியிருந்தது.

ஏறும்போது அவர் இதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பார்த்துவிட்டுத்தான் ஏறியிருக்கிறார்.

"ஏங்க!" என்று கத்தினாள். ரோட்டில் போன இரண்டு பேர் திரும்பினார்கள். மேலே இருந்தவர் திரும்பவில்லை. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவள் ஒருமுறையும் சொல்லாத பெயரைச் சொல்லி, வயிற்றிலிருந்து குரலெடுத்துக் கூப்பிட்டாள்.

"கடிகாரம்!"

இரண்டு தலைகள் கீழே குனிந்து பார்த்தன. ஒன்று ஏணியில். இன்னொன்று அதற்கும் மேலே, தொட்டியின் கைப்பிடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"நல்லவேளை, நீங்களும் வந்துட்டீங்களா தங்கச்சி," என்றது மேலிருந்த குரல். "ஒண்ணே ஒண்ணுதான் கேட்கணும் இவர்கிட்ட. ஏறி வாங்க கடிகாரம்."

அவள் நோட்டை உயர்த்திக் காட்டினாள், இறங்குங்கள் என்று கையை ஆட்டினாள். கணவர் அவளையும் நோட்டையும் பார்த்தார். இத்தனை தூரத்திலும் அவர் காது சிவக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. பொய் சொல்லப் போகிற முகம் இல்லை அது.

அவர் திரும்பி அடுத்த படியில் கால் வைத்தார்.